பின்வரிசையில் அமர்ந்தவர்: கொச்சியின் ஆபிரகாம் பராக் சாலேம்

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் சிகாகோ சர்வமத மகாசபையில் சுவாமி விவேகானந்தர் ஆற்றிய முதல் சொற்பொழிவை அறியாதவர் நம்மில் இலர். சமயத்தின் பேரால் துரத்தப்பட்டவர்களுக்குப் பாரத நாடு அடைக்கலம் அளித்து வந்ததை அன்று சுவாமிஜி பெருமிதத்துடன் எடுத்துரைத்தார். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் இரண்டு. ஒன்று, தங்கள் புனித ஆலயம் ரோமானியரால் இடிக்கப்பட்டபோது தென்னிந்தியாவிற்கு வந்து தஞ்சம் புகுந்த யூதர்கள். மற்றொன்று, பாரசீகத்திலிருந்து வந்த ஜரதுஷ்டிரரின் வழியினர்.

சுவாமிஜி குறிப்பிட்ட யூதர்கள் கேரளக் கரையில் வாழ்ந்தவர்கள். சிகாகோ செல்வதற்கு முந்தைய ஆண்டின் இறுதியில், கொடுங்கல்லூர், எர்ணாகுளம் வழியாகவே அவர் கன்னியாகுமரிக்குச் சென்றார். எர்ணாகுளத்திற்கு எதிரே, காயலின் மறுகரையில் உள்ள மட்டாஞ்சேரியில் அப்போது பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்து வந்தான். அவன் பெயர் ஆபிரகாம் பராக் சாலேம். உலகம் தங்களைக் கைவிட்டபோது இந்த மண் ஏற்றுக்கொண்டது என்பதை அவனுடைய சமூகம் நன்றியுடன் நினைவில் வைத்திருந்தது. ஆயினும் அதே சமூகத்தின் ஜெப ஆலயத்தில் அச்சிறுவனுக்கு மற்றவர்களுடன் சமமாக அமர இடம் இருக்கவில்லை.

அடைக்கலம் பெற்றவர்கள் தம்முள் ஒரு பகுதியினருக்கு அடைக்கலம் மறுத்தது ஏன்? அதை ஆபிரகாம் சாலேம் எவ்வாறு எதிர்கொண்டார்? இதுவே அவருடைய வாழ்க்கை வரலாறு. இதை உணர்வதற்கு, அந்தத் தெருவில் வாழ்ந்தவர்கள் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஒரு சொல், மூன்று நம்பிக்கைகள்

மட்டாஞ்சேரியில் யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய மூவரும் பல நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்ந்து வருகின்றனர். கொச்சி அரசரின் பழைய அரண்மனையை ஒட்டி, 1568ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் உள்ளது. அரண்மனை வளாகத்தில் பழயன்னூர் பகவதி குடிகொண்டிருக்கிறாள். போர்ச்சுக்கீசியரின் சமய ஆதிக்கத்தை ஏற்கமாட்டோம் என்று தோமையார் வழிக் கிறிஸ்தவர்கள் 1653ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் உறுதி பூண்ட கூனன் குரிசு சத்தியம் நிகழ்ந்ததும் இவ்வூரிலேயே. கொச்சங்காடிப் பகுதியில், செம்பிட்ட பள்ளி என வழங்கும் தொன்மையான பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு மணி நேரத்திற்குள் நடந்தே இவை அனைத்தையும் தரிசித்துவிடலாம்.

இம்மூன்று சமயத்தாருக்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. எபிரேய மொழியில் அது மஷியாக், அரபியில் மஸீஹ். தமிழில் விவிலியம் அதை மேசியா என வழங்குகிறது. புனித எண்ணெயால் திருமுழுக்காட்டப்பட்டவர் என்பதே இச்சொல்லின் பொருள். கிரேக்க மொழியில் இதே பொருளைத் தரும் சொல்லிலிருந்தே கிறிஸ்து என்னும் பெயர் பிறந்தது. சொல் ஒன்றாயினும் மூவரும் அதனால் உணர்வது ஒன்றன்று.

யூதர்களுக்கு மேசியா இனிமேல்தான் வரவிருக்கிறார். அவர் தாவீது அரசரின் குலத்தில் தோன்றும் மனிதர், கடவுள் அல்லர். சிதறுண்ட மக்களை அவர் ஒன்று கூட்டுவார். எருசலேம் ஆலயத்தை மீண்டும் எழுப்புவார். நீதியையும் அமைதியையும் நிலைநாட்டுவார். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவ மேதை மைமோனிடஸ், யூத சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளைப் பதின்மூன்றாக வகுத்தார். மேசியாவின் வருகை அவற்றுள் ஒன்று. அவர் தாமதித்தாலும் சோர்வின்றி நாள்தோறும் எதிர்நோக்க வேண்டும் என்பது அந்நம்பிக்கையின் சாரம். மேசியா அற்புதங்கள் நிகழ்த்த வேண்டியதில்லை என்றும், உலகம் தன் இயற்கை நியதியிலேயே இயங்கும் என்றும் மைமோனிடஸ் தெளிவுபடுத்தினார்.

கிறிஸ்தவர்களுக்கு மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார். நாசரேத்தூர் இயேசுவே அவர். அவர் இறைவனின் திருக்குமாரர். சிலுவையில் தம்மையே பலியாக ஈந்து, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து, மானிடரைப் பாவத்தினின்று மீட்டவர். காலத்தின் முடிவில் நடுத்தீர்ப்பு வழங்க மீண்டும் வருவார் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இஸ்லாமியர்களும் மர்யமின் மைந்தர் ஈஸா நபியையே மஸீஹ் என்று போற்றுகின்றனர். கன்னியிடம் பிறந்தவர் என்பதையும் ஏற்கின்றனர். ஆனால் அவர் இறைவனின் மைந்தர் அல்லர்; இறைத்தூதர்களுள் ஒருவர். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை, இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது அவர்களின் கொள்கை. இறுதிக் காலத்தில் அவர் மீண்டும் இறங்கி வந்து நீதியை நிலைநாட்டுவார் என்று நபிமொழிகள் வழியாக நம்புகின்றனர்.

இவ்வேறுபாடுகள் சிறியவை அல்ல. இவற்றின் பொருட்டு உலகில் சிந்திய குருதியும் கொஞ்சமன்று. வந்தவர் யார், வருபவர் யார் என்பதில் மூவரும் உடன்பட வழியில்லை. எனினும் அவர் வந்தால் என்ன நிகழும் என்று கேட்டால் மூவரின் விடையும் நெருங்கி வருகிறது. நீதி பிறக்கும், தாழ்த்தப்பட்டவன் தலை நிமிர்வான். கல்கியின் வருகையை எண்ணும் நம் மரபும் தர்மம் மீண்டும் தழைக்கும் என்றே சொல்கிறது.

அப்படியாயின், அந்த நீதிக்காகக் காத்திருப்பவன் இன்று, தன் வீட்டு வாயிலில், எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஆபிரகாம் சாலேமின் வாழ்க்கை இக்கேள்விக்கு அளித்த விடையாகும்.

விடுவிக்கப்பட்டோர்

கேரள யூதர்களின் வரலாறு கொடுங்கல்லூரில் தொடங்குகிறது. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், சுமார் கி.பி. 1000ஆம் ஆண்டில் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்குச் சிறப்புரிமைகள் வழங்கிய செப்பேடுகளை அவர்கள் பெருஞ்செல்வமாகப் போற்றினர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுக்கல் முதலிய நாடுகளிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களும் கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். அயல்நாட்டிலிருந்து வந்ததால் அவர்கள் பரதேசிகள் எனப்பட்டனர். தொன்றுதொட்டு இங்கு வாழ்ந்தவர்கள் மலபார் யூதர்கள் எனப்பட்டனர். காலப்போக்கில் வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்ற பிரிவினை வேரூன்றியது. கொண்டும் கொடுத்தும் உறவாடுவது அற்றுப்போயிற்று.

பரதேசி சமூகத்தினுள்ளேயே மற்றொரு பிரிவும் இருந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்று, யூத நெறியில் வாழ்ந்தவர்களின் வழித்தோன்றல்களை எபிரேயத்தில் மெஷுக்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டோர், என்று அழைத்தனர். பெயரில் விடுதலை இருந்ததே தவிர வாழ்வில் இல்லை. ஜெப ஆலயத்தில் அவர்களுக்கு உரிய இடம் பின்புறமே. தோரா ஏட்டினை வாசிக்க அழைக்கப்படும் பேறும் மற்றவர்களுடன் மண உறவு கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன.

இவை யூத சாஸ்திரம் விதித்தவை அல்ல என்பதே இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. கொச்சியில் நிலவிய பாகுபாடு பற்றிய வினா 16ஆம் நூற்றாண்டிலேயே, கெய்ரோ நகரில் வாழ்ந்த மாபெரும் சட்ட அறிஞரான தாவீது இப்னு ஸிம்ராவிடம் சென்றது. முறைப்படி நீராட்டுச் சடங்கினை மேற்கொண்டால் அவர்கள் எல்லா வகையிலும் முழுமையான யூதர்களே. அவர்களோடு மண உறவு கொள்ளத் தடையில்லை என்று அவர் தீர்ப்பளித்தார். தீர்ப்பு கடல் கடந்து வந்தது. ஆனால் நடைமுறைக்கு வரவில்லை. நூல் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்றைச் செய்வது நம் நாட்டிற்குப் புதிதன்று. தங்களைச் சூழ்ந்திருந்த சமூகத்தின் சாதி மனப்பான்மையை யூதர்களும் தம் வீட்டிற்குள் அனுமதித்துவிட்டனர். சுவாமி விவேகானந்தரின் நெஞ்சைக் கேரளப் பயணத்தில் வருத்திய நோய் இதுவே.

1882ஆம் ஆண்டில் ஆபிரகாம் சாலேம் பிறந்தது இத்தகைய ஒரு குடும்பத்தில்தான்.

கல்வியும் பொதுவாழ்வும்

எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரியில் கல்வி பயின்று பட்டம் பெற்ற சாலேம், பின்னர் சென்னையில் சட்டம் பயின்றார். கொச்சி யூதர்களுள் முதல் வழக்கறிஞர் அவரே. பின்வரிசைச் சிறுவன் இவ்வாறு தன் சமூகத்தின் முன்வரிசைக்கு அறிவினால் உயர்ந்தான். எர்ணாகுளத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியபோது அவருடைய நேரம் முழுவதும் தொழிலுக்கே போய்விடவில்லை. உழைப்பாளர்கள் சங்கமாக ஒன்றுபட வேண்டும் என்பதற்காகப் பாடுபட்டார். திறந்த வெளியில் மக்களைக் கூட்டிப் பொதுப் பிரச்சினைகளைப் பேசுவது அவருடைய வழக்கம். எர்ணாகுளத்தில் அவர் நின்று பேசிய மேடான இடத்திற்கு மக்கள் சாலேம் குன்று என்றே பெயரிட்டுவிட்டனர்.

கொச்சி சமஸ்தானத்தின் சட்டமன்றத்தில் 1925 முதல் 1931 வரையிலும், மீண்டும் 1939 முதல் 1945 வரையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். 1929ஆம் ஆண்டில் லாகூரில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு முழு விடுதலையே நம் குறிக்கோள் என்று தீர்மானித்தது. கொச்சியிலிருந்து சென்று அம்மாநாட்டில் கலந்துகொண்டவர்களுள் சாலேமும் ஒருவர்.

அதே 1929இல் அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலையும் வெளியிட்டார். யூதத் தெருவின் ஜெப ஆலயத்தைப் பற்றிய நூல் அது. அதற்கு அவர் சூட்டிய பெயரின் பொருள் நித்திய ஒளி என்பதாகும். யூத ஜெப ஆலயங்களில் தோரா ஏடுகள் வைக்கப்பட்டுள்ள பேழையின் முன் அணையாது எரியும் விளக்கினை நித்திய ஒளி என்பது மரபு. தம்மைப் பின்னே அமர்த்திய ஆலயத்தை அவர் வெறுக்கவில்லை. அதன் வரலாற்றையே அன்போடு எழுதினார். ஆலயம் வேறு, அதனுள் புகுந்துவிட்ட அநீதி வேறு என்று பிரித்துப் பார்க்கும் விவேகம் அவரிடம் இருந்தது.

ரோமாபுரி வாயிலில்

மேசியாவைப் பற்றி யூதர்களின் தால்மூது நூலில் ஒரு கதை உண்டு. யோசுவா பென் லேவி என்ற அறிஞர் எலியா தீர்க்கதரிசியைக் கண்டு, மேசியா எப்போது வருவார் என்று கேட்டார். மேசியா ரோமாபுரியின் வாயிலில் இருக்கிறார். அவரிடமே கேட்டுக்கொள் என்றார் எலியா. அவரை எப்படி அடையாளம் காண்பது என்று அறிஞர் வினவினார். அங்கே நோயுற்ற ஏழைகள் தங்கள் புண்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். மற்றவர்கள் எல்லாக் கட்டுகளையும் ஒருசேர அவிழ்த்துக் கட்டுவார்கள். ஒருவர் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டுமே அவிழ்த்துக் கட்டுவார். அழைப்பு வந்தால் தாமதமின்றிப் புறப்பட வேண்டுமே என்பது அவருடைய எண்ணம் என்று எலியா விளக்கினார். அறிஞர் அவ்விதமே சென்று கண்டார். எப்போது வருவீர்கள் என்று கேட்டார். இன்றே வருவேன் என்று விடை வந்தது. அன்று மாலை வரை காத்திருந்தும் அவர் வரவில்லை. மனம் வருந்தி எலியாவிடம் முறையிட்டபோது, இறைவனின் குரலுக்குச் செவிசாய்த்தால் இன்றே என்பதுதான் அதன் பொருள் என்று அவர் உணர்த்தினார்.

மேசியா அரியணையில் அமர்ந்திருக்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்களோடு வாயிலில் அமர்ந்திருக்கிறார். பசித்தவனுக்கும் நோயுற்றவனுக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாகக் கொள்வேன் என்று இயேசு பெருமான் போதித்ததும் இதே உண்மையைத்தான். வழிபாட்டின்போது நாள்தோறும் மேசியாவை வேண்டிய மட்டாஞ்சேரி மக்கள், தம் ஆலய வாயிலில் அமர்ந்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க மறந்திருந்தனர்.

சாலேம் அவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்தார். 1840களிலும் இச்சமூகத்தவர் எதிர்ப்புக் காட்டியதுண்டு. அப்போது சிலர் மட்டாஞ்சேரியை விட்டு விலகி, கோட்டைக் கொச்சியில் தனியே வழிபாடு நடத்தினர். அம்முயற்சி நிலைக்கவில்லை. சாலேம் மேற்கொண்ட வழி அகிம்சை வழி. சிறிது காலம் ஆலயத்திற்குச் செல்லாமல் தம் எதிர்ப்பை உணர்த்தினார். பின்னர் உள்ளிருந்தே சத்தியாக்கிரகத்தால் போராடினார். தீண்டாமைக்கு எதிராக 1924இல் வைக்கத்திலும் 1931இல் குருவாயூரிலும் ஆலயத் தெருக்களும் வாயில்களும் அறப்போர்க் களங்களாயின. இந்துக்கள் தம் ஆலயத்தில் கேட்ட அதே கேள்வியைச் சாலேம் தம் ஜெப ஆலயத்தில் கேட்டார். மக்கள் அவரை யூத காந்தி என்று அழைக்கலாயினர்.

எதிரே நின்றவர்கள் அந்நியர்கள் அல்லர். ஒரே தெருவில் வாழ்ந்து, ஒரே ஓய்வுநாள் விளக்கை ஏற்றி, ஒரே மொழியில் வேண்டுதல் செய்தவர்கள். அயலவனை எதிர்ப்பது எளிது. அண்டை வீட்டாரை எதிர்த்தபின் மறுநாளும் அவர் முகத்தில் விழிப்பது கடினம். சாலேம் வாழ்நாளில் பெரும்பகுதி அதைச் செய்தார்.

மாற்றம் மெல்ல வந்தது. 1930களின் பிற்பகுதியில் கொச்சிக்கு வந்து ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் டேவிட் மாண்டல்பாம், பழைய தடைகள் பல தளர்ந்துவிட்டதைக் கண்டார். ஆயினும் மண உறவுக்கான தடை எளிதில் நீங்கவில்லை. 1950இல் சாலேமின் மகன் வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தபோது, அத்திருமணம் கொச்சியில் அன்று, பம்பாயில்தான் நடைபெற்றது. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் கெய்ரோவில் எழுதப்பட்ட தீர்ப்பு அன்றுதான் சாலேமின் இல்லத்தில் நிறைவேறியது எனலாம்.

வாக்களிக்கப்பட்ட நாடு

சாலேம் 1933இல் பாலஸ்தீனம் சென்றார். யூதர்கள் தங்கள் முன்னோர் நாட்டில் குடியேறி உழைப்பதைக் கண்டது அவர் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது. இங்கேயும் மேசியா பற்றிய கேள்வியே எழுந்தது. சிதறிய மக்களை ஒன்று கூட்டுவது மேசியாவின் பணி. மனிதர் அவசரப்பட்டு அதனைக் கையிலெடுக்கலாகாது என்று வைதிக யூத குருமார் பலர் கருதினர். 17ஆம் நூற்றாண்டில் தம்மையே மேசியா என்று அறிவித்த ஷப்பத்தாய் ஸெவியை நம்பி யூத உலகமே ஏமாந்த நினைவு அவர்களுக்கு இருந்தது. மனிதனின் உழைப்பே இறைவனின் மீட்புக்குத் தொடக்கம் என்று வேறு பலர் கருதினர். சாலேமின் செயல் இரண்டாவது கருத்தின் வழி நின்றது.

1948இல் இஸ்ரேல் நாடு உருவானதும் மலபார் யூதர்கள் உள்ளம் பொங்கினர். பிறநாடுகளில் யூதர்கள் அடைந்த கொடுமை எதுவும் அவர்களுக்கு இங்கு நேரவில்லை. எவரும் அவர்களைத் துரத்தவில்லை. எருசலேமை நோக்கியே நூற்றாண்டுகளாக நின்று தொழுத ஏக்கமே அவர்களைப் புறப்படச் செய்தது. பலர் உடைமைகளை விற்று ஆயத்தமாயினர். ஆனால் அவர்களிடையே யானைக்கால் நோய் இருப்பதாகக் கூறி இஸ்ரேல் அதிகாரிகள் தயங்கினர். அவர்கள் பொருட்டுப் பேசுவதற்காக 1953இல் சாலேம் இஸ்ரேல் சென்றார். அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 2,400 பேர் அங்கு குடிபெயர்ந்தனர். நெகேவ் பாலைநிலத்தில் உள்ள நெவாட்டிம் போன்ற சிற்றூர்களை அவர்கள் தம் உழைப்பால் பசுமையாக்கினர்.

இதில் ஓர் அருமையைக் காண்கிறோம். சாலேம் யாருக்காகப் பேசச் சென்றாரோ அவர்களுள் மிகுதியானோர் மலபார் யூதர்கள். அவருடைய ஆலயத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். தம் பிரிவு, பிறர் பிரிவு என்ற கணக்கு அவரிடம் இல்லை. எல்லோரையும் வழியனுப்பிய அவர், தாம் மட்டும் கொச்சியிலேயே தங்கினார். தாம் உரிமை வேண்டிப் போராடிய அந்த ஆலயம் இருந்த மண்ணிலேயே 1967ஆம் ஆண்டில் காலமானார்.

வாயில் திறந்தது

1968ஆம் ஆண்டு டிசம்பரில் பரதேசி ஜெப ஆலயத்தின் நானூறாவது ஆண்டு நிறைவு விழா நடைபெற்றது. அன்றைய பிரதமர் திருமதி இந்திரா காந்தி அதில் கலந்துகொண்டார். அவ்விழாவைக் காணச் சாலேம் இல்லை. இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியுள்ள யூதர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. ஆலயத்திற்குச் செல்லும் தெருவோ சாலேமின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அத்தெருவிலிருந்து சிறிது தொலைவில் நெகேமியா மோத்தா என்ற யூத ஞானியின் சமாதி இருக்கிறது. யூதர் மட்டுமின்றி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் அங்கு வந்து மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வது வழக்கம். மேசியா வந்துவிட்டாரா, இனிமேல்தான் வருவாரா என்னும் கேள்வியில் ஒத்த கருத்து இல்லாதவர்கள், ஒரு நல்லவரின் நினைவின் முன் ஒன்றாக விளக்கேற்றுகின்றனர். கருத்து வேற்றுமை அப்படியே இருக்கிறது. அதனால் விளக்குகள் அணைந்துவிடவில்லை.

இறைவன் எப்போது, எவ்வடிவில் வருவான் என்பது அவன் திருவுளம். வரும்போது அவன் எந்த இடத்தில் அமர்ந்திருப்பான் என்பதைச் சமயங்கள் நமக்கு மறைக்கவில்லை. பின்வரிசையில், வாயிற்படியில், நாம் ஒதுக்கியவர்களோடு அவன் அமர்ந்திருக்கிறான். அங்கே இடம் தராத கரங்கள் மேலே உயர்ந்து செய்யும் வேண்டுதல் முழுமை பெறுவதில்லை. ஆபிரகாம் சாலேம் புதிய சித்தாந்தம் எதையும் நிறுவவில்லை. தம் முன்னோரின் நம்பிக்கை எந்த நீதியை எதிர்நோக்கியதோ, அந்த நீதியை முதலில் தம் ஆலயத்திலேயே கேட்டார்.

இன்று பல நாடுகளிலிருந்தும் பல சமயங்களிலிருந்தும் மக்கள் அந்த ஜெப ஆலயத்தைக் காண வருகின்றனர். காலணிகளைக் கழற்றிவிட்டு, சீனத்து நீலப் பூ ஓடுகள் பதித்த தரையில் நடந்து, தோராப் பேழையின் முன் அமைதியாக நிற்கின்றனர். அவர்களுடைய முன்னோர் யார் என்று வாயிலில் எவரும் கேட்பதில்லை.